தங்கப் பீப்பாய்க் கள்ளி: முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு

பச்சை உருண்டை, அதன்மேல் வரிவரியாக மஞ்சள் முள், உச்சியில் வெளிர்மஞ்சள் பஞ்சு. நர்சரியில் ‘கோல்டன் பேரல்’ என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். எதைச் செய்தாலும் சாகாத செடி என்று நம்பித்தான் பலரும் இதை வாங்குகிறார்கள். ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் செடி தொட்டிக்குள் லேசாக ஆடும். தூக்கிப் பார்த்தால் மேலே பச்சையாக இருக்கும் உருண்டை அடியில் கூழாகிக் கிடக்கும். ‘தண்ணீர் அதிகமாகிவிட்டது’ என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குத் தண்ணீரையே காட்டாமல் விட்டுவிடுவார்கள். அதுவும் சுருங்கிப்போகும்.

தண்ணீர் அதிகம் என்பது பாதி உண்மைதான். இந்தக் கள்ளி இயற்கையாக வளரும் இடத்தில் கோடையில் நல்ல மழை பெய்கிறது. செடி தொப்பலாக நனைகிறது, ஆனாலும் அழுகுவதில்லை. காரணம், வேர் இருக்கும் பாறை இடுக்கு ஓரிரு நாளில் காய்ந்துவிடுகிறது. ஆகவே இந்தச் செடியை வளர்ப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நனைத்த மண் எத்தனை நாளில் காய்கிறது? மண் கலவை, தொட்டி, வெயில், பருவம் எல்லாமே இந்தக் கேள்விக்குள் அடக்கம்.

சொந்த இடமும் பெயரும்

மெக்சிகோவின் நடுப்பகுதியில் கெரெத்தாரோ, இதால்கோ மாநிலங்களின் எல்லையை ஒட்டி மொக்டெசூமா ஆறு ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் செங்குத்தான பாறைச் சரிவுகள்தான் இதன் பிறப்பிடம். பாலைவனம் என்றதும் நம் மனதில் வரும் மணல்மேடு அங்கே இல்லை. உடைந்த கல், கல்லுக்கு நடுவே விரல் கனத்துக்கு மண், மண்ணில் கொஞ்சம் மட்கிய இலை, அவ்வளவுதான். மழைநீர் நிற்க இடமில்லாமல் சரிந்து ஓடிவிடும். கள்ளிக்கு வெறும் மணல் போதும் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

1990-களில் அந்த ஆற்றின் குறுக்கே சிமாபான் அணை கட்டப்பட்டபோது இக்கள்ளி வளர்ந்த சரிவுகளில் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. தோண்டி எடுத்து விற்பவர்களாலும் எண்ணிக்கை குறைந்தது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலிலும் இருப்பதால் நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதி வேண்டும். கடைகளில் கிடைப்பவை விதையிலிருந்து பண்ணையில் வளர்த்தவை. அவற்றைத் தயக்கமில்லாமல் வாங்கலாம்.

பெயர்ச்சீட்டில் எக்கினோகாக்டஸ் குருசோனி என்று இருக்கும், சிலவற்றில் க்ரோன்லைனியா குருசோனி என்று இருக்கும். இரண்டும் ஒரே செடிதான். ஜெர்மனியின் மாக்டபூர்க் நகரத் தொழிலதிபரும் பெரிய கள்ளிச் சேகரிப்பாளருமான ஹெர்மன் குருசோன் பெயரால் வந்தது பின்பாதி. முன்பாதியை 2014-ல் கள்ளி ஆய்வாளர் ஜோயல் லோடே மாற்றினார். பழைய பெயர் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் குழம்ப வேண்டாம்.

தமிழில் இன்னொரு குழப்பமும் உண்டு. சதுரக்கள்ளி, திருகுகள்ளி போன்றவற்றை நாம் கள்ளி என்றே சொல்கிறோம். கீறினால் வெள்ளைப் பால் வடியும் அவை யூஃபோர்பியா இனங்கள், காக்டஸ் குடும்பமே வேறு. காக்டஸ்கள் ஏறத்தாழ எல்லாமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. சப்பாத்திக்கள்ளிகூட அங்கிருந்து வந்ததுதான். தங்கப் பீப்பாயைக் கீறினால் பால் வராது, நிறமில்லாத ஈரம்தான் கசியும். இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் ஒன்றுக்குச் சொன்ன வளர்ப்பு முறையை இன்னொன்றின் மேல் போட்டுக் கெடுக்காமல் இருக்கலாம்.

உடம்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்

உருண்டையில் மேலிருந்து கீழாக ஓடும் மேடுகள்தான் விலாக்கள். கண்ணாடி லென்ஸ் ஒன்று கிடைத்தால் ஒரு விலாவின் முகட்டை நெருங்கிப் பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்னப் பஞ்சுத் திட்டுகள் தெரியும். ஒவ்வொன்றும் சுருங்கிப்போன ஒரு கிளை. இதற்கு ஏரியோல் என்று பெயர், முள்மொட்டு என்று வைத்துக்கொள்ளலாம். முள்மொட்டு இருந்தால்தான் அது காக்டஸ். அதிலிருந்து 8 முதல் 10 முட்கள் சுற்றிலும் விரிந்திருக்கும், அவை 3 செ.மீ. அளவில் இருக்கும். நடுவில் 3 முதல் 5 முட்கள் இன்னும் தடிமனாக, 5 செ.மீ. வரை நீண்டு நிற்கும். இந்த முட்கள் இலைகளின் மாற்றுருவம். விலங்குகளைத் தள்ளி நிறுத்துவது அவற்றின் ஒரு வேலை. தோலுக்கு நிழல் கொடுப்பது இன்னொரு வேலை. அதனால்தான் வெயில் நிறையப் பார்த்த செடியில் முள் அடர்ந்து தடித்திருக்கும், நிழலில் வளர்ந்ததில் மெலிந்து இடைவெளி விட்டிருக்கும். கடையில் செடியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் முள்ளைப் பாருங்கள், அது வளர்ந்த கதை அதிலேயே இருக்கிறது.

வளர்ந்த செடியில் 21 முதல் 37 விலாக்கள் இருக்கும். அவை துருத்திபோல வேலை செய்கின்றன. தண்ணீர் கிடைத்தால் விலாக்களுக்கு இடையிலான பள்ளம் அகன்று உடம்பு உப்பும், வறட்சியில் பள்ளம் ஒடுங்கி உடம்பு சுருங்கும். தோல் கிழியாமல் சுருங்கி விரிய இந்த மடிப்புகள் உதவுகின்றன. ஆகவே கொஞ்சம் சுருங்கிய செடியைப் பார்த்துப் பதற வேண்டாம். சேமிப்பிலிருந்து செலவு செய்கிறது என்று பொருள்.

மூச்சு விடுவதிலும் இதற்குத் தனி வழி உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும். பகல் வெயிலில் துளையைத் திறந்தால் உள்ளிருக்கும் ஈரமும் போய்விடும் என்பதால் இது இரவில்தான் திறக்கிறது. இரவில் வாங்கியதை மாலிக் அமிலமாகச் சேர்த்துவைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதை வைத்துச் சர்க்கரை தயாரிக்கிறது. தண்ணீர் மிச்சமாகிறது, ஆனால் வளர்ச்சி மெதுவாகிறது. இரவும் புழுக்கமாக இருக்கும் வாரங்களில் துளைகள் சரியாகத் திறக்காமல் வளர்ச்சி மேலும் மந்தமாகும். அந்த நாட்களில் ‘வாடுகிறதே’ என்று தண்ணீரையும் உரத்தையும் கூட்டினால் செடி அதைப் பயன்படுத்தாது, மண்தான் நனைந்து கிடக்கும்.

மண் கலவை: இங்கேதான் பாதி வெற்றி

வேரும் மூச்சு விடுகிறது. மண்துகள்களுக்கு இடையில் உள்ள காற்றிலிருந்து அது ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. துளைகள் எல்லாம் நீரால் நிரம்பிப் பல நாள் அப்படியே இருந்தால் முதலில் நுண்வேர்கள் சாகின்றன. செத்த வேரில் பூஞ்சை புகுந்து மெல்ல மேலேறி, வேரும் உடம்பும் சேரும் கழுத்தை அடைகிறது. வெளியே அறிகுறி தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

‘தொட்டியின் அடியில் இரண்டு அங்குலம் கல் போட்டுவிட்டேன், தண்ணீர் வடிந்துவிடும்’ என்று பலர் சொல்வார்கள். இது வேரைக் காப்பாற்றாது. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து நன்றாக நனைத்து, படுக்கைவாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். சொட்டுவது நின்றபின் அதைச் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் தண்ணீர் கொட்டும், ஆனால் அடியில் ஒரு பட்டை மட்டும் ஈரமாகவே நிற்கும். தொட்டி மண்ணிலும் இதேதான் நடக்கிறது. நுண்துளைகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மண் முடியும் இடத்தில் ஒரு ஈரப்பட்டை தேங்குகிறது. அடியில் கல் போட்டால் அந்தப் பட்டை கல்லின் மேல் போய் உட்காரும், அதாவது வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துகள் பொடியாக இருந்தால் இந்தப் பட்டை பல செ.மீ. உயரம் இருக்கும், பருமனாக இருந்தால் ஏறக்குறைய இல்லாமலே போகும். எனவே கல்லைத் தனி அடுக்காகப் போடாமல் மண்ணோடு முழுக்கக் கலக்க வேண்டும். அடித்துளையின் மேல் ஒரு துண்டு கொசுவலை போதும்.

15 செ.மீ. அகலத் தொட்டிக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கலவை தேவைப்படும். அதில் 1 லிட்டர் கல் வகை, அரை லிட்டர் மண் வகை. கல் வகை என்றால் 3 முதல் 6 மி.மீ. பருமனுள்ள எரிமலை நுரைக்கல், பெர்லைட் என்ற வெண்ணிறக் கனிமத் துகள், உடைத்த செங்கல், சரளை, இவற்றில் கிடைப்பது. ஆற்று மணல் என்றால் சல்லடையில் சலித்துப் பொடியைக் கொட்டிவிட்டு மேலே நிற்பதை மட்டும் எடுங்கள். சலிக்காத மணல் துளைகளை அடைத்துச் சிமெண்டுபோல இறுகிவிடும். உடைத்த செங்கலையும் கழுவித் தூசியைப் போக்கிய பிறகே சேர்க்க வேண்டும். மண் வகைக்குச் சலித்த தோட்ட மண்ணும் நன்றாக மட்கிய இலை உரமும் பாதிப்பாதி. காற்றில் ஈரம் நிறைந்த இடமாக இருந்தால் கல்லை நாலில் மூன்று பங்காக்குங்கள். வெயிலும் வறட்சியும் கடுமையாக உள்ள இடத்தில் சரிபாதி போதும்.

தேங்காய் நார்த்தூளை நாங்கள் இந்தச் செடிக்குப் பரிந்துரைப்பதில்லை. மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். முழுக்கக் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை உள்வாங்காமல் ஓரமாக ஓடவிடும். நர்சரிச் செடிகள் பெரும்பாலும் இதில்தான் வரும். வேரைச் சுற்றி இறுகிய அந்த உருண்டையை உதிர்க்காமல் நல்ல கலவைக்குள் அப்படியே வைத்தால், நடுவில் வேறு மண், சுற்றிலும் வேறு மண் என்று இரண்டு விதமாகக் காயும். வாங்கிய செடி அழுகுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கலவை சரியா என்று பார்க்க, தொட்டியில் நிரப்பி அரை லிட்டர் தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள். மேலே குளம்போல நிற்காமல் சில விநாடிகளில் அடித்துளை வழியாக வெளியேற வேண்டும். நின்றால் பொடி இன்னும் அதிகம் என்று அர்த்தம்.

தொட்டி, செடியின் அகலத்தைவிட 2 அல்லது 3 செ.மீ. மட்டும் பெரிதாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வைத்தால் சீக்கிரம் வளரும் என்பது தப்பு. வேர் எட்டாத மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்ச யாருமில்லை, அது ஊறிக் கிடக்கும். மெருகிடாத மண்தொட்டி பக்கங்கள் வழியாகவும் காயும் என்பதால் புதியவர்களுக்கு அதுவே நல்லது. பிளாஸ்டிக்கிலும் நன்றாக வளர்க்கலாம், தண்ணீர் இடைவெளியை நீட்ட வேண்டும். துளையில்லாத பீங்கான் கிண்ணத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

தண்ணீர்

ஊற்றினால் அடித்துளை வழியாக வடியும்வரை முழுசாக ஊற்ற வேண்டும். பிறகு தொட்டி முழுக்கக் காயும்வரை ஒரு சொட்டும் கூடாது. தினமும் இரண்டு கரண்டி தெளிப்பதுதான் மிக மோசமான முறை: மேல்மண் எப்போதும் ஈரமாகக் கழுத்தை ஒட்டி நிற்கும், கீழ்வேர் தாகத்தில் காயும்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகிக் கால்மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். நிறம் கருத்திருந்தால், தொட்டால் குளிர்ந்திருந்தால் ஈரம் இருக்கிறது. இதைவிடத் துல்லியமானது சமையலறைத் தராசு. முழுக்கக் காய்ந்த தொட்டி 1,600 கிராம், நனைத்து வடிந்தபின் 1,900 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை எடை போட்டால் ஈரம் எப்படி இறங்குகிறது என்பது எண்ணாகவே தெரியும். 1,620-க்கு வந்த பிறகும் மூன்று நாள் பொறுத்து அடுத்த தண்ணீர். ஒரு மாதம் இப்படிச் செய்தால் அதற்கப்புறம் தராசு வேண்டாம், தொட்டியைத் தூக்கினால் கையே சொல்லிவிடும். நனைத்த தொட்டி நல்ல வெயிலில் ஒரு வாரத்துக்குள் காய்ந்தால் கலவையும் இடமும் பொருந்தியிருக்கின்றன. இரண்டு வாரம் ஆகியும் ஈரமாக இருந்தால் தண்ணீரைக் குறைப்பதோடு நிறுத்தாமல் கலவையை மாற்றுங்கள்.

தோராயமாகச் சொன்னால் வெயில் காலத்தில் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை. குளிர்ந்து மப்பாக இருக்கும் மாதங்களில் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும் இடங்களில் குளிர் முடியும்வரை தண்ணீரே வேண்டாம். காய்ந்த மண்ணில் நிற்கும் செடி கொஞ்சம் குளிரைத் தாங்கும், ஈரமண்ணில் அதே குளிர் வடுவும் அழுகலும் கொண்டுவரும். நாள்கணக்கில் அடைமழை பெய்யும் பருவத்தில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்துங்கள். மேலே ஒளிபுகும் தகடு, பக்கங்கள் திறந்து காற்றோட்டமாக இருந்தால் நல்லது. உச்சிப் பஞ்சில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கடினத் தண்ணீராக இருந்தால் பஞ்சிலும் முள்ளிலும் சுண்ணாம்புக் கறை படிந்து நிறமே மங்கிவிடும். மழைநீர் கிடைத்தால் சேமித்து வைத்து ஊற்றுங்கள், உப்பும் சுண்ணாம்பும் மண்ணில் சேராது.

உரம் அதிகம் தேவையில்லை. வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, நீரில் கரையும் உரம் லிட்டருக்கு அரை கிராம். தழைச்சத்து மிகுந்தால் உடம்பு நீர் கோத்துப் பருத்து, முள் மெலிந்து, சில சமயம் தோல் வெடித்துவிடும்.

வெயில்

நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். போதாவிட்டால் உச்சி வெளிறிக் கூம்பிக்கொண்டு போகும், உருண்டை மெழுகுவர்த்தி வடிவத்துக்கு மாறும். பிறகு நல்ல வெயிலில் வைத்தால் புது வளர்ச்சி சரியாக வரும், ஆனால் கூம்பிய பகுதி திரும்ப உருண்டையாகாது. சன்னல் ஓரத்தில் வைப்பவர்கள் ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் தொட்டியைக் கால் சுற்று திருப்புங்கள், இல்லாவிட்டால் ஒருபக்கமாகச் சாயும்.

வெயில் வேண்டும் என்று கேட்டதும் நர்சரி நிழலில் இருந்த செடியை அன்றே மொட்டைமாடியில் வைத்துவிடக் கூடாது. மேற்கு வெயில் படும் பக்கம் இரண்டே நாளில் வெளுத்து, மஞ்சளாகி, ஒரு வாரத்தில் பழுப்புப் பொருக்காகிவிடும். தோல் வெந்து பச்சையம் அழிந்துபோன அந்தத் தழும்பு ஆயுளுக்கும் இருக்கும். முதல் வாரம் காலை வெயில் 2 மணி நேரம், இரண்டாம் வாரம் 4 மணி நேரம், மூன்றாம் வாரம் முழு வெயில் என்று பழக்குங்கள். பழகும்வரை பிற்பகலில் நிழல்வலை போடலாம். உச்சியில் பூச்சு பூசிய செடியையும், பசையால் கல் ஒட்டிய தொட்டியையும், ஒட்டுப்பசையில் நிற்கும் காகிதப் பூ உள்ள செடியையும் வாங்காதீர்கள். கல்லை ஒட்டியிருந்தால் மண் காய்ந்ததா என்று பார்க்கவே வழியில்லை.

தொட்டி மாற்றுதல்

சின்னச் செடிக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள், காய்ந்த மண் தானாக உதிரும். செய்தித்தாளை நாலைந்தாக மடித்து இரண்டு விரல் அகலப் பட்டையாக்கி, செடியின் இடுப்பில் சுற்றி, இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்குங்கள். தோல் கையுறையையும் இந்த முள் துளைக்கும், அதை நம்பி நேரடியாகப் பிடிக்க வேண்டாம். 30 செ.மீ. உருண்டை 10 கிலோவுக்கு மேல் கனக்கும், அதற்குப் பழைய கம்பளம் சுற்றி இரண்டு பேர் தூக்க வேண்டும்.

பழைய மண்ணை உதிர்த்து, வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர்பழுப்பாக, இழுத்தால் அறாமல் இருக்கும். கறுத்து, இழுத்தால் மேல்தோல் மட்டும் உருவிக்கொண்டு வருவதைக் கத்தரியுங்கள். அதன்பின் நிழலில் 5 நாள் காயவிடுங்கள். தூக்கும்போது வேரில் பட்ட காயங்கள் ஆறுவதற்கு இந்த நாட்கள் தேவை. நடும்போது முன்பிருந்த ஆழமே இருக்கட்டும், நிமிர்ந்து நிற்பதற்காகக் கழுத்தைப் புதைக்காதீர்கள். ஆடினால் சுற்றிலும் பெரிய கற்களை அண்டக்கொடுக்கலாம். வெயில் பார்த்த பக்கத்தை முன்பே செடியிலேயே குறித்து வைத்து, அதே பக்கம் வெயிலைப் பார்க்கும்படி திருப்பி நடுங்கள். நட்ட பிறகு இன்னொரு வாரம் தண்ணீர் கிடையாது.

முள் குத்தினால் சாமணத்தால் நேராக உருவி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூட்டுக்குப் பக்கத்தில் ஒடிந்து உள்ளே நின்றுவிட்டால் தோண்டாமல் மருத்துவரிடம் போங்கள். சின்னக் குழந்தைகள் ஓடியாடும் வழியில் இந்தத் தொட்டியை வைக்கவே கூடாது.

கெடுதல் வந்தால்

அடிப்பகுதி பழுப்பாகிறது என்றால் உடனே அழுகல் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு பென்சிலின் பின்முனையால் அழுத்திப் பாருங்கள். கட்டைபோல் கெட்டியாக இருந்தால் அது வயதுக்கு வரும் தோல் தடிப்பு, கீழிருந்து மெல்ல மேலேறும், செடிக்குக் கேடில்லை. அமுங்கினால், ஈரம் கசிந்தால், புளித்த வாடை வந்தால் அழுகல்.

அழுகல் என்றால் அன்றே செடியை எடுத்துவிட வேண்டும். கத்தியை ஆல்கஹாலில் துடைத்து அடியிலிருந்து சீவிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியை மறுபடி துடைக்க வேண்டும். வெட்டுமுகத்தின் நடுவில் ஒரு வளையம் தெரியும், நீரும் உணவும் போகும் குழாய்கள் அவை. அந்த வளையத்தில் ஒரே ஒரு செம்பழுப்புப் புள்ளி இருந்தாலும் நோய் இன்னும் மேலே போயிருக்கிறது. எல்லாம் வெள்ளையாக, சுத்தமாகத் தெரிந்தபிறகு கந்தகத் தூளைத் தூவி, காற்றோட்டமான நிழலில் 3 அல்லது 4 வாரம் காயவிட்டு, வெறும் கல்கலவையின் மேல் உட்கார வையுங்கள். சில மாதங்களில் வேர் விடலாம். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழுகிய தங்கப் பீப்பாய் மீள்வது அரிது, இந்த இனம் வெட்டுமுகத்திலிருந்து வேர்விடத் தாமதிக்கும். உச்சியிலிருந்து அழுகினால் காப்பாற்ற வழியில்லை.

பூச்சிகளில் மாவுப்பூச்சிதான் அடிக்கடி வரும். உச்சிப் பஞ்சும் அதுவும் ஒரே மாதிரி வெள்ளையாக இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். பஞ்சு முள்மொட்டில் மட்டும் இருக்கும், விலாப் பள்ளத்தில் வெள்ளை தெரிந்தால் அது பூச்சி. 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள், வாரம் ஒருமுறை மூன்று நாலு வாரம் தொடருங்கள். அன்று வெயிலில் வைக்காதீர்கள். காரணமே தெரியாமல் செடி வளராமல் நின்றால் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள், தொட்டியின் உட்பக்கத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் வேர் மாவுப்பூச்சி. மண்ணை முழுக்கக் கழுவிவிட்டு, காயவைத்து, புது மண்ணில் நட வேண்டும். உச்சியைச் சுற்றிச் சாம்பல் பழுப்புப் பொருக்கு புதிதாகப் படர்ந்தால் செஞ்சிலந்தி; வறண்ட, காற்றோட்டமில்லாத இடத்தில் வரும்.

பூவும் விதையும்

பூவை எதிர்பார்த்து இதை வாங்க வேண்டாம். உருண்டை 35, 40 செ.மீ. அகலம் ஆனபிறகே பூக்கும். அதற்கு 15, 20 ஆண்டுகள், தொட்டியில் இன்னும் அதிகம் ஆகலாம். பூக்கும் காலம் வந்ததும் கோடையில் உச்சிப் பஞ்சுக்குள்ளிருந்து 4 முதல் 6 செ.மீ. அளவில் மஞ்சள் பூக்கள் கிரீடம்போல வட்டமாக விரியும். காய்களையும் பஞ்சு போர்த்தியிருக்கும், உள்ளே மிகச் சிறிய கரும்பழுப்பு விதைகள்.

இந்தச் செடி பெரும்பாலும் பக்கக் கன்று விடாது, உச்சி காயப்பட்டால்தான் விடும். ஆகவே பெருக்குவதற்கு விதைதான் வழி. கல்லும் மண்ணும் பாதிப்பாதி கலந்து, பொடியாகச் சலித்து, நனைத்து, ஆவியில் அரை மணி நேரம் வைத்து ஆறவிடுங்கள். விதையை மேலே தூவினால் போதும், மூட வேண்டாம். தொட்டியை ஒளிபுகும் உறைக்குள் இட்டுக் கட்டி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். 25 முதல் 30 டிகிரியில் 1 முதல் 3 வாரத்தில் பச்சை மணிகள் முளைக்கும். உறையை இரண்டு மாதம் வரை திறக்க வேண்டியதில்லை. பிறகு ஒரு துளை, அடுத்த வாரம் இன்னும் இரண்டு துளை என்று வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். சட்டென்று திறந்தால் ஒரே நாளில் வாடிவிடும். நாற்று அடியில் கண்ணாடிபோல ஒளிபுகும்படி மாறிச் சாய்ந்தால் நாற்றழுகல். அதை மட்டும் எடுத்துவிட்டுக் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். இந்தப் பருவத்தில் மட்டும் மண் முழுக்கக் காயக் கூடாது, நாற்றின் உடம்பில் இன்னும் சேமிப்பு இல்லை.

ஓராண்டு முடிவில் பட்டாணி அளவு இருக்கும். விலா இன்னும் வந்திருக்காது, குமிழ் குமிழாக ஒரு மாமில்லேரியா கள்ளியைப் போலத் தெரியும். விதை மாறிவிட்டது என்று நினைத்துப் பெயர்ச்சீட்டை எடுத்துவிடாதீர்கள், குமிழ்கள் வரிசையாக ஒன்றோடொன்று இணைந்து விலா ஆவதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.